இருபதுக்குப் பத்து: எங்கள் மேசையில் நடந்த ஒரு விதித் தேர்வு

ஆளுக்கொரு கேரக்டராகப் பேசி, பகடை உருட்டிக் கதை நடத்தும் மேசை ஆட்டமான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆடும் எங்கள் குழுவில் ஆறு பேர், கதையை நடத்தித் தீர்ப்பு சொல்லும் டிஎம்மாக நான் ஏழாவது. ஆடுவது ஐந்தாம் பதிப்பு, 2014-இல் வந்த விதிகள். ஒன்றரை வருடமாக ஒரே கதை ஓடுகிறது, கேரக்டர்கள் ஐந்தாம் லெவலைத் தொட்டிருக்கிறார்கள். இவ்வளவு நாள் ஆடியவர்களுக்கு விதி தெரியாதா என்ற நினைப்பில்தான் இருந்தேன். ஒரு சண்டைக் காட்சி அதைக் கலைத்தது. அதற்குப் பிறகு இரண்டு தேர்வு வைத்தேன். முதல் தேர்வு தோல்வி. இரண்டாவது தேர்வில் நான் தேடாத ஒன்று கிடைத்தது. அதை எழுதி வைக்கத்தான் இந்தப் பதிவு.

ஆட்களைப் பெயர் சொல்லாமல் அவரவர் கேரக்டரை வைத்தே குறிப்பிடுகிறேன்: கிளெரிக் (கடவுளின் பெயரால் மந்திரம் போடுபவர்), ஃபைட்டர் (போர்வீரர்), ரோக் (பதுங்கித் தாக்குபவர்), விசார்ட் (படித்துத் தேர்ந்த மந்திரவாதி), பார்ட் (மந்திரம் போடும் பாணர்), ரேஞ்சர் (காட்டு வீரர்). கிளெரிக் எங்களில் மூத்தவர், மூன்றாம் பதிப்புக் காலத்து ஆள். பார்ட் ஆடுகிற நண்பன் 2023-இல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கணினி விளையாட்டை முடித்துவிட்டு அந்தச் சூட்டோடு எங்களிடம் வந்தவன். ரேஞ்சர்தான் கடைசியாகச் சேர்ந்தான். கையில் 2024-இன் புதிய புத்தகத்தோடு வந்தான். இந்த மூன்று விவரங்களும் பின்னால் தேவைப்படும். நான் அவற்றை முன்பே யோசித்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை.

சண்டை தொடங்கிய இடம்

கிளெரிக் உயிர்ப்புள்ளி பூஜ்யமாகி விழுந்து கிடக்கிறார். பார்டின் முறை. ஒருவர் தன் முறையில் ஒரு ஆக்ஷன் செய்யலாம், சிலவற்றுக்கு மட்டும் கூடுதலாக ஒரு போனஸ் ஆக்ஷனும் உண்டு. "ஹீலிங் வேர்டு, போனஸ் ஆக்ஷன். கிளெரிக் எழுந்துட்டார். இப்போ என் ஆக்ஷன்ல ஹிப்னாட்டிக் பேட்டர்ன்" என்றான். எதிரே நின்ற நான்கு பேரையும் சேர்த்து மயக்கும் கணக்கு.

முடியாது என்றேன். 2014 விதிப்படி போனஸ் ஆக்ஷனில் ஒரு மந்திரம் போட்டால், அதே முறையில் இன்னொரு மந்திரம் போட வேண்டுமென்றால் அது ஒரு ஆக்ஷன் எடுக்கும் கேன்ட்ரிப்பாக, அதாவது எத்தனை தடவை வேண்டுமானாலும் போடக்கூடிய எளிய மந்திரமாக மட்டுமே இருக்கலாம். விஷியஸ் மாக்கரி போடலாம். ஹிப்னாட்டிக் பேட்டர்ன் மூன்றாம் லெவல் மந்திரம், அது கூடாது.

"போன மாசம் இதையேதான் செஞ்சேன். ஒருத்தரும் வாயைத் திறக்கலையே?"

உண்மைதான். போன மாதம் செய்தான். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு மந்திரங்களும் சின்ன மந்திரங்கள், கதை சூடாக ஓடிக்கொண்டிருந்தது, கவனிக்காமல் விட்டுவிட்டேன். ரோக் புத்தகத்தைப் பிரித்து அந்தப் பத்தியைக் கண்டுபிடித்து உரக்கப் படித்தாள். விசார்ட் பக்கத்தைப் பார்க்காமலேயே அதை மனப்பாடமாகச் சொன்னான். ரேஞ்சர் தன் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "இதுல அப்படி இல்லையே அண்ணா, ஒரு முறைக்கு ஒரு ஸ்பெல் ஸ்லாட்தான் செலவு பண்ணலாம்னு போட்டிருக்கு" என்றான். ஸ்லாட் என்பது கேன்ட்ரிப் அல்லாத மந்திரத்துக்கு ஆகும் செலவு. இரண்டு விதிப்படியும் பார்ட் செய்ய நினைத்தது முடியாது. ஆனால் காரணம் வேறு வேறு. அந்த வித்தியாசத்தைப் பேசித் தீர்க்கவே நாற்பது நிமிடம் போயிற்று. கிளெரிக் அதுவரை தரையிலேயே கிடந்தார்.

அன்றிரவு எனக்குப் பட்டது இதுதான்: ஆறு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆனால் ஆறு புத்தகங்களை ஆடுகிறார்கள். யாருக்கு எது தெரியும் என்று ஒருமுறை எடை போட்டுப் பார்த்துவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

இந்த ஆட்டத்தில் ஆடுபவரைச் சோதிப்பதே கொஞ்சம் விசித்திரமான காரியம் என்று தெரியாமல் இல்லை. சீட்டாட்டப் போட்டிகளில், மேஜிக் த கேதரிங் மாதிரி ஆட்டங்களில், நடுவர்களுக்கு விதித் தேர்வு உண்டு. அங்கே ஜெயிப்பவர், தோற்பவர், பரிசு எல்லாம் இருக்கிறது. இங்கே ஜெயிப்பவரே கிடையாது. இன்னும் சொல்லப்போனால், இந்த ஆட்டம் வளர்ந்ததே விதியை ஆடுபவர் கண்ணில் காட்டாமல்தான். 1974-இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் தொடங்கிவைத்த ஆட்டத்தின் அட்வான்ஸ்டு பதிப்பில், ஆடுபவருக்கான புத்தகம் 1978-இல் வந்தது. யார் எத்தனை உருட்டினால் யாரை அடிக்கலாம் என்ற அட்டவணை அதில் இல்லை. அது 1979-இல் வந்த டிஎம்மின் புத்தகத்துக்குள் இருந்தது. அன்றைக்கு ஒரு டிஎம் தேர்வு வைத்திருந்தால், எல்லாம் தெரிந்தவனைத்தான் வெளியே அனுப்பியிருப்பார். இன்று நிலைமை தலைகீழ். ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதித் தொகுப்பு 2023 ஜனவரியில் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியானது. யாரும் இறக்கிப் படிக்கலாம். படிக்கலாம் என்பதற்காக எல்லோரும் படிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை.

முதல் தேர்வு

இருபது வாக்கியங்கள். சரியா, தவறா என்று குறிக்க வேண்டும். புத்தகம் பார்க்கக் கூடாது, பதினைந்து நிமிடம். எதிர்பாராத தாக்குதல், கான்சன்ட்ரேஷன் (போட்ட மந்திரத்தைக் கவனம் சிதறாமல் பிடித்து வைப்பது), ஆப்பர்ச்சுனிட்டி அட்டாக் (டிஸ்எங்கேஜ் ஆக்ஷன் எடுக்காமல் விலகிப் போகிறவர் மேல் விழும் அடி), மரணத் தறுவாயில் உருட்டும் சேவ் (ஆபத்திலிருந்து தப்ப உருட்டுவது), இருட்டில் பார்வை என்று அடிக்கடி வரும் விஷயங்களாகப் பார்த்து எடுத்தேன். எழுதும்போது பெருமையாகத்தான் இருந்தது.

விசார்ட் 18. ரோக் 16. கிளெரிக் 13. ரேஞ்சர் 12. பார்ட் 11. ஃபைட்டர் 10.

இந்தப் பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் ஏதோ உதைத்தது. ஃபைட்டர் ஆடுகிற பெண்மணி எங்கள் மேசையிலேயே சுத்தமாக ஆடுபவர். ஒன்றரை வருடத்தில் அவரால் ஒரு ஆட்டம் நின்றதில்லை. முதலிடம் வாங்கிய விசார்ட் தன் முறை வந்தால் எழுந்து நின்று மூன்று மந்திரங்களை ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்குவான், நாங்கள் எல்லோரும் தண்ணீர் குடித்துவிட்டு வருவோம்.

சரி-தவறு வகைத் தேர்வில் ஒரு பழைய ஓட்டை உண்டு. ஒன்றுமே தெரியாதவர் நாணயத்தைச் சுண்டிச் சுண்டிக் குறித்தாலும் சராசரியாக இருபதுக்குப் பத்து வாங்கிவிடுவார். இருபதுக்குப் பதினான்கோ அதற்கு மேலோ வாங்கும் வாய்ப்புகூட நூற்றில் ஏறக்குறைய ஆறு. அப்படியென்றால் 10, 11, 12, 13 வாங்கிய நான்கு பேரைப் பற்றி இந்தத் தாள் எனக்கு அநேகமாக எதையுமே சொல்லவில்லை. தெரிந்து தப்பாகக் குறித்தார்களா, தெரியாமல் சரியாகக் குறித்தார்களா, பிரிக்க வழியில்லை. பகடை உருட்டுவதே தொழிலாக இருக்கிற ஒருவன் இந்தக் கணக்கைத் தேர்வு முடிந்த பிறகு போட்டான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

கேள்விகளிலும் குறை இருந்தது. "திறன் சோதனையில் இருபது விழுந்தால் தானாக வெற்றி" என்று ஒரு வாக்கியம் (உருட்டுவது இருபது பக்கப் பகடை). புத்தகப்படி தவறு: இருபது விழுந்தால் தானாக வெற்றி என்பது தாக்குதல் உருட்டலுக்கு மட்டுமே. சுவர் ஏறுவதற்கோ பூட்டைத் திறப்பதற்கோ பொருந்தாது. நான்கு பேர் "சரி" என்று குறித்திருந்தார்கள். மதிப்பெண்ணைக் குறைத்தேன். பார்ட் தாளைத் திருப்பி என் முன்னால் வைத்தான். "போன வாரம் நான் அந்தக் காவல்காரன்கிட்ட பேசறப்போ இருபது விழுந்துது. கைதட்டினது யாரு?"

நான்தான் கைதட்டினேன். அந்த மேசையில் அது விதியாகவே ஆகிவிட்டிருந்தது. புத்தகத்தில் இல்லாத, யாரும் அறிவிக்காத, என் கைதட்டலில் பிறந்த விதி. அவர்கள் என் மேசையைச் சரியாகப் படித்திருந்தார்கள், நான் புத்தகத்தைக் கேட்டிருந்தேன். எதைக் கேட்கிறோம் என்று கேள்வித்தாளின் தலையிலேயே எழுத வேண்டும்: புத்தகத்தில் என்ன இருக்கிறது என்றா, இங்கே எப்படி ஆடுகிறோம் என்றா.

இன்னொரு கேள்வியை நானே தூக்கி எறிந்தேன். பூஜ்யத்தில் கிடப்பவர் மேல் மேஜிக் மிசைல் மந்திரத்தின் மூன்று அம்பும் பட்டால் மரண சேவில் மூன்று தோல்வியா, ஒன்றா? மூன்றென்றால் ஆள் காலி. ஒவ்வொரு அம்பும் தனித்தனியாகச் சேதம் செய்கிறது என்று ஒரு பக்கம் வாதிடலாம். எல்லாம் ஒரே நேரத்தில் தாக்குகின்றன என்று மந்திர விளக்கமே சொல்வதால் ஒரே சேதமாக எடுக்க வேண்டும் என்று மறுபக்கம் வாதிடலாம். ரோக்கும் விசார்டும் ஆளுக்கொரு பக்கம் நின்று வாதாடிய பிறகு, இது ஆடுபவரின் அறிவைச் சோதிக்கும் கேள்வியே அல்ல, டிஎம் தீர்ப்பு சொல்ல வேண்டிய கேள்வி என்று புரிந்தது.

தவறுகளைப் படித்தபோது

தாள்களைக் கிழித்துப் போட்டிருப்பேன். கிளெரிக்கின் ஏழு தவறுகள்தான் தடுத்தன.

எதிரியின் பக்கத்தில் நின்றபடியே அவனைச் சுற்றி நகர்ந்தாலும் அடி விழும் என்று குறித்திருந்தார். எதிரி பக்கத்தில் நிற்கும்போது மந்திரம் போட்டால் அடி விழும் என்றும். இருபது விழுந்தாலும் அது கிரிட்டிகலா (கூடுதல் சேதம் தரும் அடியா) என்று இன்னொரு முறை உருட்டி உறுதி செய்ய வேண்டும் என்றும். சேவிங் த்ரோவில் இருபது விழுந்தால் தானாகத் தப்பலாம் என்றும். எங்கள் ஆட்டத்தில் இந்த நான்கும் தவறு. ஆனால் 3.5 பதிப்பில், அதாவது 2003-இல் வந்த திருத்தப் பதிப்பில், நான்குமே சரி. மனிதர் கண்ணை மூடிக்கொண்டு குறிக்கவில்லை. வேறொரு தேர்வுக்கு முழு மதிப்பெண் வாங்கும் விடைகளை எழுதியிருந்தார்.

பார்டின் தாளைப் பக்கத்தில் வைத்தேன். மருந்துக் குப்பியைக் குடிக்கப் போனஸ் ஆக்ஷன் போதும், பிடித்துத் தள்ளுவதும் போனஸ் ஆக்ஷன், ஒரே முறையில் இரண்டு பெரிய மந்திரம், திறன் சோதனையில் இருபது வெற்றி. அத்தனையும் பால்டர்ஸ் கேட் 3-இல் அப்படித்தான். ரேஞ்சரின் தாளிலும் மருந்துக் குப்பிக்குப் போனஸ் ஆக்ஷன் என்றுதான் இருந்தது, ஆனால் அவனுக்கு அது வந்த வழி வேறு. 2024 புத்தகம் அந்த விதியை அப்படி மாற்றிவிட்டது. 2014-இல் அது முழு ஆக்ஷன். எதிர்பாராத தாக்குதலுக்கு ஆளானவர் முதல் முறையை இழப்பார் என்பதைத் தவறு என்று ரேஞ்சர் குறித்ததும் அதனால்தான். புதிய புத்தகத்தில், யார் முதலில் ஆடுவது என்று முடிவு செய்யும் இனிஷியேட்டிவ் உருட்டலில் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு தடவை உருட்டிக் குறைந்ததை எடுப்பது) மட்டுமே.

ஆக, ஒரே தவறான விடை, இரண்டு வேறு ஊற்றுகளிலிருந்து வந்திருந்தது. இருவருக்கும் ஒரே விளக்கம் சொன்னால் போதாது. பார்டிடம் "அது கணினி விளையாட்டு, இது வேறு" என்றால் முடிந்தது. ரேஞ்சரிடம், கையில் பிடித்திருக்கும் புத்தகம் சரிதான், நாம் அதை ஆடவில்லை என்று சொல்ல வேண்டும். அந்தப் பையன் காசு கொடுத்து வாங்கிய 384 பக்கத்தைப் படித்துவிட்டு வந்து எங்களிடம் தப்பு வாங்கியிருக்கிறான்.

இரண்டாவது தேர்வு

இம்முறை ஆறே ஆறு காட்சிகள். புத்தகம் பார்க்கலாம், கேரக்டர் ஷீட் பார்க்கலாம். ஒவ்வொன்றுக்கும் நான்கு நிமிடம். யார் எதை உருட்ட வேண்டும், எந்த எண்ணை எட்ட வேண்டும், பிறகு என்ன ஆகும் என்று எழுத வேண்டும். கடைசியில் ஒரு பத்தி: "இது உங்களுக்கு எப்படித் தெரியும்?" புத்தகத்தில் படித்தேன், மேசையில் பார்த்தேன், வேறு ஆட்டத்திலிருந்து, ஊகம் என்று எது வேண்டுமானாலும் எழுதலாம். அந்தக் கடைசிப் பத்திக்கு மதிப்பெண் கிடையாது. இந்த முழு முயற்சியிலும் உருப்படியானது அந்தப் பத்தி ஒன்றுதான்.

மூன்றாவது காட்சியை மட்டும் அப்படியே தருகிறேன்:

"ஐந்தாம் லெவல் கிளெரிக், உயிர்ப்புள்ளி 38, ஸ்பிரிட் கார்டியன்ஸ் மந்திரத்தைக் கான்சன்ட்ரேஷனில் பிடித்திருக்கிறார். கான்ஸ்டிட்யூஷன் சேவ் +2. ஓகர் (அரக்கன்) தடியால் அடித்து 13 சேதம். அதே சுற்றில் எதிரி மந்திரவாதியின் ஃபயர்பாலில் 24 சேதம். மந்திரம் நிற்குமா?"

விடை: இரண்டு அடிக்கும் தனித்தனிச் சேவ். எட்ட வேண்டிய எண், அதாவது டிசி, 10 அல்லது சேதத்தில் பாதி, எது பெரிதோ அது. 13-இல் பாதி 6, ஆகவே 10. 24-இல் பாதி 12. +2 வைத்திருப்பவர் முதலில் பகடையில் 8 அல்லது மேலே போட வேண்டும், அடுத்து 10 அல்லது மேலே. இரண்டும் சேர்ந்து நடக்கும் வாய்ப்பு நூற்றுக்கு 36-ஐ ஒட்டி. உயிர்ப்புள்ளி ஒன்று மிச்சம், அது வேறு கதை.

விசார்ட் முழுவதும் சரியாக எழுதினான், ஆறு நிமிடம் எடுத்துக்கொண்டு. பார்ட் இரண்டு சேதத்தையும் கூட்டி 37, பாதி 18 என்று ஒரே சேவ் போட்டிருந்தான். "எப்படித் தெரியும்" பத்தியில் "ஊகம்". நேர்மையான ஊகம், திருத்துவது சுலபம். ரேஞ்சர் சரி. ரோக் சரி. ஃபைட்டர் ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டார், மந்திரமே போடாத கேரக்டர் அவருடையது. கடைசிப் பத்தியில் எழுதியிருந்தார்: "கிளெரிக் அண்ணாவுக்காக என் ஷீட்டின் பின்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். அவர் எப்போதும் கேட்பார் என்று நினைத்தேன், கேட்டதே இல்லை."

கிளெரிக்கின் தாளில் இரண்டு எண்கள்: 23, 34.

முதலில் கூட்டல் பிழை என்றுதான் நினைத்தேன். பிறகு பார்த்தால் 10-உம் 13-உம் சேர்ந்து 23. 10-உம் 24-உம் சேர்ந்து 34. 3.5 பதிப்பில் கான்சன்ட்ரேஷன் என்பது ஒரு திறன். மந்திரம் போட்டுக்கொண்டிருக்கும்போது அடி விழுந்தால் 10-உடன் மொத்தச் சேதத்தையும் மந்திரத்தின் லெவலையும் கூட்டிய எண்ணை எட்ட வேண்டும், லெவலை மட்டும் அவர் கூட்டவில்லை. அந்தத் திறனை லெவலுக்கு லெவல் ஏற்றிக்கொண்டே போகலாம் என்பதால் அங்கே அந்த எண் எட்டக்கூடியது. இங்கே? +2 வைத்திருப்பவருக்கு இருபது விழுந்தால்கூட 22. டிசி 23-ஐ எட்டவே முடியாது. கடைசிப் பத்தியில் "நன்றாகத் தெரியும்" என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

அவரிடம் கேட்டேன்: "அண்ணா, நீங்க இந்தக் கதையில ஸ்பிரிட் கார்டியன்ஸ் எத்தனை தடவை போட்டிருக்கீங்க?"

"போட்டதே இல்லையே தம்பி. ஒரு அடி பட்டா போயிடும். எதுக்கு ஸ்லாட்டை வீணாக்கணும்?"

மேசையில் யாரும் பேசவில்லை. கிளெரிக்கை நாங்கள் பயந்த சுபாவம் உள்ள பாத்திரமாகவே நினைத்து வந்தோம். எப்போதும் பின்வரிசை. எதிரி நெருங்கினால் மந்திரம் போடாமல் கேடயத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார். அது நடிப்பு என்று நினைத்து நான் கதையிலேயே அதற்கு இடம் கொடுத்து, அவருடைய கடவுள் கனவில் வந்து தைரியம் சொல்லும் காட்சி ஒன்றைக்கூட எழுதியிருந்தேன். உண்மையில் அவருக்குப் பயமே இல்லை. எதிரி பக்கத்தில் மந்திரம் போட்டால் அடி விழும், பிடித்துவைத்த மந்திரம் ஒரே அடியில் போய்விடும் என்ற இரண்டு பழைய விதிகளுக்குக் கட்டுப்பட்டு, புத்திசாலித்தனமாக, சிக்கனமாக ஆடிக்கொண்டிருந்தார். பதினைந்து அடி ஆரத்தில் எதிரிகளை அரைத்துத் தள்ளும் மந்திரம், மூன்றாம் லெவலில் கிளெரிக்குக்குக் கிடைப்பதிலேயே வலுவானவற்றில் ஒன்று, ஷீட்டில் தூங்கிக் கிடந்தது.

இதை எந்தச் சண்டையும் வெளியே கொண்டுவந்திருக்காது. பார்ட் மாதிரி, கூடாததைச் செய்ய முயன்றால் யாராவது தடுப்பார்கள், புத்தகம் திறக்கப்படும். கூடும் என்று தெரியாமல் ஒருவர் ஒன்றைச் செய்யாமலே இருந்தால் தடுக்க என்ன இருக்கிறது? அவர் முறை வரும், "கதாயுதத்தால் அடிக்கிறேன்" என்பார், பகடை உருளும், அடுத்தவர் முறை வரும். ஒன்றரை வருடம். அந்த நாற்பது நிமிடச் சண்டையால் எங்களுக்குப் போனது ஒரு சாயங்காலம். இந்த அமைதியில் எவ்வளவு போயிற்று என்று கணக்கே இல்லை.

என் விடைத்தாள்

ஐந்தாவது காட்சியில் ரோக் என்னைப் பிடித்தாள். கேள்வி: ரோக் தன் முறையில் ஸ்னீக் அட்டாக் (தக்க தருணத்தில் கூடுதல் சேதம் தரும் அடி) செய்துவிட்டாள். பிறகு ஓகர் தன் முறையில் அவளை விட்டு விலகி ஓடுகிறது. ஃபைட்டர் ஓகரை ஒட்டியே நிற்கிறார். ரோக் ரியாக்ஷனில் (அடுத்தவர் முறையில் பதிலுக்குச் செய்யும் செயல்) குத்துகிறாள். இதிலும் ஸ்னீக் அட்டாக் உண்டா?

என் விடை: இல்லை, ஒரு சுற்றுக்கு ஒன்றுதான்.

அவள் எழுதியது: உண்டு, 3டி6, அதாவது மூன்று ஆறுபக்கப் பகடை. எப்படித் தெரியும் என்ற பத்தியில் பக்க எண்.

புத்தகத்தில் இருப்பது சுற்று அல்ல, முறை. சுற்று என்றால் எல்லோரும் ஒருதரம் ஆடி முடிக்கும் ஆறு விநாடி. முறை என்றால் ஒருவருடைய பங்கு. ஓகரின் முறை இன்னொரு முறை, ஆகவே அங்கே அவளுக்கு மறுபடியும் ஸ்னீக் அட்டாக் உண்டு, நிபந்தனை பொருந்தினால். இலக்குக்குப் பக்கத்தில் அதன் எதிரி ஒருவர் நிற்கிறார், டிஸ்அட்வான்டேஜ் இல்லை, கையில் இதற்கு ஏற்ற ரேப்பியர் வாள். பொருந்துகிறது.

இந்தக் குழப்பத்தில் மொழிக்கும் கொஞ்சம் பங்குண்டு என்று தோன்றுகிறது. நாங்கள் பேசும்போது சுற்று, ரவுண்டு, முறை, டர்ன், தடவை எல்லாவற்றையும் கலந்து போடுகிறோம். இந்த விதியைத் தமிழில் அப்படியே சொன்னால் "ஒரு முறைக்கு ஒரு முறை" என்று வரும். கேட்பவர் சிரிப்பார், பிறகு "சுற்றுக்கு ஒருதரம்" என்று தானே திருத்திக்கொள்வார். நானும் அப்படித் திருத்திக்கொண்டவன்தான் போலிருக்கிறது.

"நீ இதை ஏன் ஆட்டத்துல கேட்கலை?" என்றேன்.

"ஒரு தடவை கேட்டேன். நீங்க இல்லைன்னு சொன்னீங்க. சண்டை வேண்டாம்னு விட்டுட்டேன்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

இருட்டுப் பார்வைக் காட்சியில் ஒருவர்கூடத் தேறவில்லை, நானும் எழுதுவதற்கு முன் புத்தகத்தைப் பார்த்துத்தான் எழுதினேன். டார்க்விஷன் இருந்தால் முழு இருட்டு மங்கல் வெளிச்சம் மாதிரி தெரியும், பகல் மாதிரி அல்ல. மங்கலில் கண்ணால் கவனிக்கும் சோதனைக்கு டிஸ்அட்வான்டேஜ், பாசிவ் பெர்செப்ஷனில், அதாவது உருட்டாமலே கவனிக்கும் அளவில், 5 குறையும். ஒன்றரை வருடமாக எங்கள் எல்ஃப்கள் பந்தம் ஏற்றாமல் குகைக்குள் நடந்து எல்லாக் கண்ணியையும் கண்டுபிடித்திருக்கிறார்கள். போனது போகட்டும்.

என்ன மாற்றினோம்

பெரிதாக ஒன்றுமில்லை. 2014 விதிதான், இரண்டு விஷயங்கள் மட்டும் வேறு என்று ஒரு அரைப்பக்கத் தாளில் எழுதி ஒட்டினேன்: மருந்துக் குப்பி போனஸ் ஆக்ஷன் (ரேஞ்சரும் பார்டும் சேர்ந்து கேட்டார்கள், எனக்கும் அது பிடிக்கும்), திறன் சோதனையில் இருபது விழுந்தால் கைதட்டல் உண்டு, தானாக வெற்றி கிடையாது. புத்தகம் தெளிவாகச் சொல்லாத இடத்தில் நான் தீர்ப்பு சொல்லி ஆட்டத்தை நகர்த்துவேன், ஆட்டம் முடிந்த பிறகு யாராவது பக்க எண்ணோடு வந்தால் அடுத்த வாரம் முதல் அது செல்லும். ரோக் இதுவரை மூன்று பக்க எண்கள் கொண்டுவந்திருக்கிறாள். இரண்டில் அவள் சரி.

மறுபடி தேர்வு வைக்கும் எண்ணமில்லை. அதற்குப் பதிலாக, யாராவது ஒன்றைத் தொடர்ந்து செய்யாமலே இருந்தால் ஏன் என்று கேட்கிறேன். ஷீட்டில் இருக்கிற மந்திரம் நான்கு ஆட்டமாக வெளியே வரவில்லையென்றால், "இதைப் போட்டால் என்ன ஆகும்னு நினைக்கிறீங்க?" என்று ஆட்டம் தொடங்குவதற்கு முன் தனியாகக் கேட்பேன். பாதி நேரம் "பிடிக்கலை" என்பதுதான் பதில், அதுவும் நியாயமான பதில். மீதி நேரம் ஒரு பழைய விதி வெளியே வரும்.

கிளெரிக் அடுத்த ஆட்டத்திலேயே ஸ்பிரிட் கார்டியன்ஸ் போட்டுக்கொண்டு நடுவில் போய் நின்றார். மூன்றாவது அடியில் மந்திரம் போயிற்று. "பார்த்தியா, போச்சு" என்றார், முகமெல்லாம் சிரிப்பாக. அதற்குள் ஐந்து எதிரிகள் விழுந்திருந்தார்கள்.

அதே சண்டையின் கடைசியில் ஓகர் ஒன்று மிச்சம். ஃபைட்டர் அதை விட்டுவிட்டு, விழுந்து கிடந்த பார்டை நோக்கி இருபது அடி நகர்ந்தார். எல்லோர் கண்ணும் பார்டின் மேல். நான் மந்திரவாதியின் அடுத்த முறையைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன், ஓகரை மறந்தே போனேன். விசார்டுக்குத் தெரியாமல் இருக்காது. ரோக்குக்கும் தெரிந்திருக்கும். இருவரும் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் அடுத்த பெயரைக் கூப்பிட வாயெடுத்தேன்.

"ஒரு நிமிஷம்" என்றார் ஃபைட்டர், இருபதுக்குப் பத்து வாங்கியவர். "நான் டிஸ்எங்கேஜ் பண்ணலையே. ஓகர்கிட்ட ரியாக்ஷன் இருக்கில்ல?"

இருந்தது. உருட்டினேன். பதினொன்று, ஓகரின் ஆறைக் கூட்டினால் பதினேழு. அவருடைய ஆர்மர் கிளாஸ், அதாவது அடி பட எட்ட வேண்டிய எண், பதினெட்டு.